மேற்கை எலும்பு முறிவு: ஒரு களஞ்சியக் கட்டுரையைத் திருத்தும் முறை

பொதுமக்கள் பார்வைக்கென எழுதப்படும் களஞ்சியக் கட்டுரையை இரு வகையினர் புரட்டுகின்றனர். ஓய்வு வேளையில் அறிவை நாடிப் புரட்டுவோர் ஒரு வகையினர். இடர் நேர்ந்த வேளையில் வழியை நாடிப் புரட்டுவோர் மற்றொரு வகையினர். வானநூலைப் பற்றியோ சோழர் கோயில்களைப் பற்றியோ எழுதப்படும் கட்டுரைகளைப் பெரும்பாலும் முதல் வகையினரே படிப்பர். நோயையும் காயத்தையும் பற்றிய கட்டுரைகளோ இரண்டாம் வகையினரின் கைக்கே மிகுதியும் போய்ச் சேர்கின்றன. குளியலறையில் வழுக்கி விழுந்த தாயார் தோளைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். ஊஞ்சலிலிருந்து விழுந்த குழந்தை முழங்கையைத் தொடவிடாமல் அலறுகிறது. அந்த நேரத்தில்தான் அக்கட்டுரை திறக்கப்படுகிறது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இத்தகைய கட்டுரையின் தேவை இன்னும் ஒரு படி மிகுதி. ஊரில் என்றால் அனுபவம் மிக்க பெரியவர் ஒருவர் அண்டையில் இருப்பார். தில்லியிலோ நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ இருப்பவருக்கு மருத்துவர் பேசும் மொழி ஒன்று, செவிலியர் பேசும் மொழி ஒன்று, கையில் கொடுக்கப்படும் சீட்டின் மொழி மற்றொன்று. தாய்மொழியில் தெளிவாக எழுதப்பட்ட நாலு பக்கம் அப்போது அவருக்கு உற்ற துணையாகிறது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் நமக்கு அவ்வகைக் கட்டுரைகளைத் தமிழிலேயே தேடிப் படிக்கும் பழக்கத்தை உண்டாக்கிற்று. அப்பழக்கத்தைக் காக்க வேண்டுமானால் கட்டுரைகளைக் காலந்தோறும் திருத்துவதும் அவசியமாகும்.

எப்படித் திருத்துவது என்பதை மேற்கை எலும்பு முறிவு என்னும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இதை எழுதுபவன் மருத்துவன் அல்லன், மொழிபெயர்ப்பாளன். மருத்துவச் செய்தி மருத்துவர்களுடையது. ஆயினும் அச்செய்தியை எந்த வரிசையில், எந்தச் சொற்களில், எவ்வளவு உறுதியோடு சொல்வது என்பது எழுத்துத் தொழிலில் உள்ளோரின் பொறுப்பாகும்.

மேற்கை முறிவைப் பற்றிய நூற்குறிப்பு புதியதன்று. எகிப்து நாட்டின் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் 1862ஆம் ஆண்டில் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அச்சுருளை ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் என்னும் அறிஞர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1930இல் வெளியிட்டார். அதில் 48 காயங்கள் தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி வரிசையாக விவரிக்கப்படுகின்றன. அவற்றுள் 36, 37, 38 ஆகிய மூன்றும் மேற்கை எலும்பின் காயங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் தலைப்பு, அடுத்து எப்படிச் சோதிப்பது என்னும் விவரம், அடுத்து இது தீர்க்கத்தக்கது, போராடிப் பார்க்கத்தக்கது, மருத்துவத்திற்கு அடங்காதது என்னும் மூன்றில் ஒரு தீர்ப்பு, இறுதியில் சிகிச்சை. தோல் கிழியாத முறிவை அந்நூலாசிரியர் தீர்க்கத்தக்கது என்கிறார். நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, தோள்களை அகற்றி, கையை நீட்டி எலும்பைத் தன்னிடத்தில் விழச் செய்து, துணியாலான இரு சிம்புகளை வைத்துக் கட்டச் சொல்கிறார். முறிவின் மேலேயே புண்ணும் இருந்தால் தீர்ப்பு மாறிவிடுகிறது. மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, படிப்பவனுக்கு முதலில் வேண்டியது 'இது எத்துணை ஆபத்தானது?' என்பதன் விடை என்று ஒருவர் உணர்ந்திருந்தார்.

நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையும் இத்துறையில் மிக நுட்பமானது. எலும்பு முறிவைப் பன்னிரண்டு வகையாகவும் மூட்டு விலகலை ஆறு வகையாகவும் அது பிரிக்கிறது. அத்தி, அரசு, மருது முதலிய மரங்களின் பட்டையையும் மூங்கிலையும் சிம்பாகப் பயன்படுத்தச் சொல்கிறது. கட்டைப் பற்றி அது தரும் எச்சரிக்கை இன்றும் பொன்னேபோல் போற்றத்தக்கது. கட்டு தளர்ந்தால் எலும்பு நிலைகொள்ளாது. இறுகினாலோ வீக்கமும் வலியும் தோல் பழுத்தலும் உண்டாகும். ஆகவே நடுத்தரமாகவே கட்டுக என்பது அதன் கருத்து. இந்த ஓர் எச்சரிக்கை இடம்பெறாத மேற்கை முறிவுக் கட்டுரை இக்காலத்ததாயினும் குறையுடையதே.

இனி நம் காலத்துக் கட்டுரைகளுக்கு வருவோம். பொதுமக்களுக்கென எழுதப்படுபவை பலவற்றில் முதற்பத்தி எலும்பின் இலத்தீன் பெயரை விளக்குகிறது. இரண்டாம் பத்தி அதன் மேடு பள்ளங்களை வருணிக்கிறது. மூன்றாம் பத்தி முறிவுகளை எண்ணும் எழுத்தும் இட்டு வகைப்படுத்துகிறது. நரம்பு நசுங்குவதும் இரத்த ஓட்டம் தடைப்படுவதும் 'சிக்கல்கள்' என்னும் தலைப்பில் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. மாணவனுக்கு இவ்வரிசை பொருந்தும். அழும் குழந்தையை மடியில் வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. எனவே முதல் திருத்தம் வரிசையைப் பற்றியது. கட்டுரையின் முதற்பத்தி ஏறத்தாழப் பின்வருமாறு அமையலாம்:

"தோளுக்கும் முழங்கைக்கும் இடையில் உள்ள ஒற்றை எலும்பு முறிவதே மேற்கை எலும்பு முறிவு. கையை நேராக்கவோ உருவிவிடவோ எண்ணெய் தேய்க்கவோ கூடாது. எந்த நிலையில் வலி குறைவோ அந்த நிலையிலேயே கையை உடலோடு சேர்த்து, கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் தாங்கச் செய்க. வீக்கம் ஏறுமுன் வளையல், மோதிரம், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுக. தோல் கிழிந்திருந்தால் தூய துணியால் மூடுக. மயக்க மருந்து தேவைப்படலாமாகையால், மருத்துவர் பார்க்கும் வரை உணவு கொடாதிருக்க. விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ குளிர்ந்தோ இருந்தாலும், மரத்துப்போனாலும், அசைக்க இயலாவிட்டாலும், மணிக்கட்டில் நாடி தட்டுப்படாவிட்டாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும் கணமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்க."

இவ்வளவையும் படிக்க ஒரு நிமிடம் போதும். எலும்பின் இலத்தீன் பெயரும் மேடு பள்ளங்களும் இதன் பின்னர் வரட்டும். அவை எங்கும் ஓடிவிடமாட்டா. ஆபத்தில் அழைக்க நாடு முழுவதற்கும் பொதுவான 112 என்னும் எண்ணையும் அங்கேயே குறித்துவிடுதல் நலம்.

இரண்டாவது திருத்தம் சொற்களைப் பற்றியது. தமிழில் 'கை' என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாம் கைதான். 'கை ஒடிந்துவிட்டது' என்ற தொடரைக் கேட்பவருக்கு ஒடிந்தது மணிக்கட்டா, முன்கையா, மேற்கையா என்று விளங்காது. இந்தியில் 'ஹாத்' என்னும் சொல்லும் பேச்சு வழக்கில் இப்படியே பரந்த பொருளுடையது. ஆகவே கட்டுரையின் தொடக்கத்திலேயே 'தோளுக்கும் முழங்கைக்கும் இடையில்' என்று எல்லை கட்டிவிட வேண்டும். வடநாட்டு மருத்துவமனைக்குச் செல்லும் நேயர்கள் தோளுக்குக் 'கந்தா', மேற்கைக்குப் 'பாஜு', முழங்கைக்குக் 'கோஹ்னி', எலும்புக்கு 'ஹட்டி', மரத்துப்போனதற்குச் 'சுன்ன' என்னும் ஐந்து சொற்களை அறிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் நேரும் தீங்கு இதனினும் பெரிது. 'சிம்பிள் பிராக்சர்' என்பதை 'எளிய முறிவு' என்றும், 'காம்பவுண்ட் பிராக்சர்' என்பதைக் 'கூட்டு முறிவு' என்றும் நம் பாடநூல்கள் பெயர்த்து வந்துள்ளன. 'எளிய முறிவு' எனப் படித்தவர், 'எளியதுதானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று எண்ணக்கூடும். உண்மையில் அச்சொல் குறிப்பது தோல் கிழியவில்லை என்பதை மட்டுமே. உள்ளே எலும்பு பல துண்டாகியிருக்கலாம். இரத்தக் குழாயும் நசுங்கியிருக்கலாம். 'கூட்டு முறிவு' என்பதோ பல எலும்புகள் சேர்ந்து முறிந்தன என்ற மயக்கத்தைத் தரும். அதன் பொருள் புண் வழியாக முறிவு வெளிக்காற்றோடு தொடர்பு கொண்டுவிட்டது, கிருமி புகும் என்பதாகும். 'மூடிய முறிவு', 'திறந்த முறிவு' என்று எழுதினால் இரண்டும் ஐயமின்றி விளங்கும்.

'ரிடக்ஷன்' என்பதைக் 'குறைத்தல்' என்று பெயர்த்தால் என்ன ஆகும்? எலும்பைக் குறைப்பார்கள் போலும் என்று படிப்பவர் அஞ்சுவார். விலகிய துண்டுகளைத் தம்மிடத்தில் பொருத்துவதே அதன் பொருள். 'கன்சர்வேடிவ் டிரீட்மென்ட்' என்பதைப் 'பழமை பேணும் சிகிச்சை' என்று எழுதினால், புதிய வசதி இல்லாத இடத்துப் பழைய முறை போலும் என்ற எண்ணம் பிறக்கும். 'அறுவையில்லாச் சிகிச்சை' என்பதே சரி. 'பிளாஸ்டர்' என்பதற்கு மக்கள் வழங்கும் 'மாவுக்கட்டு' என்ற அருமையான சொல் இருக்க வேறு சொல் படைக்க வேண்டுவதில்லை. மேற்கை எலும்பின் மேல்முனையில் உள்ள ஒடுங்கிய பகுதியை ஆங்கில நூல்கள் 'சர்ஜிகல் நெக்' என்கின்றன. அதை 'அறுவைக் கழுத்து' என்று மட்டும் எழுதிவிட்டு மேலே செல்வது, நோயாளியின் கழுத்தில் அறுவை நடக்கப்போவதாக வீட்டாரைக் கலங்கச் செய்யும். 'எலும்பின் தலைப்பகுதிக்குக் கீழே முறிவு அடிக்கடி நேரும் ஒடுங்கிய இடம்' என்று ஒரு முறை விளக்கிவிட்டால் அச்சம் நீங்கும்.

மூன்றாவது திருத்தமே தலையாயது. மேற்கை முறிவு என்னும் பெயர் ஒன்றாயினும் காயம் மூன்றாகும். எலும்பின் மேல்முனை, நடுத்தண்டு, கீழ்முனை ஆகிய மூன்றிலும் முறிவுக்கு ஆளாவோர் வேறு, காரணம் வேறு, ஆபத்து வேறு, சிகிச்சையும் வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து 'வலி, வீக்கம், அசைக்க இயலாமை' என்று பொதுவாக எழுதும் கட்டுரை எவருக்கும் பயன்படாது.

மேல்முனை முறிவு முதியோரைச் சாரும். அவருள்ளும் பெண்களையே மிகுதியாகச் சாரும். எலும்புப் புரை என்னும் நோயால் எலும்பு நொய்ந்துபோன நிலையில், நின்ற நிலையிலிருந்து கையூன்றி விழுவதே போதுமானது. இரண்டு மூன்று நாட்களில் தோளில் கட்டிய இரத்தம் கீழிறங்கி முழங்கை வரையிலும் மார்பின் பக்கத்திலும் கருநீலமாகப் படரும். இது புதிய ஆபத்தன்று. இரத்தம் தன் எடையால் கீழிறங்குவதே என்று கட்டுரை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பல வீடுகளில் கலக்கம் தணியும். தோளின் வெளிப்புறத் தோல் மரத்திருப்பின், அங்குள்ள நரம்பு அடிபட்டிருக்கலாமாகையால் மருத்துவரிடம் கூற வேண்டும். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் 1970இல் இம்முறிவுகளை வகைப்படுத்தினார். தலை, பெரும் புடைப்பு, சிறு புடைப்பு, தண்டு என்னும் நான்கு பகுதிகளுள் எவை தம்மிடத்திலிருந்து 1 சென்டிமீட்டருக்கு மேல் விலகின, எவை 45 பாகைக்கு மேல் சாய்ந்தன என்பதே அவருடைய அளவுகோல். எக்ஸ்-ரேயில் கோடுகள் எத்தனை தெரிகின்றன என்பதைவிடத் துண்டுகள் எவ்வளவு விலகியுள்ளன என்பதே முக்கியம் என்பது இதனால் பெறப்படும்.

நடுத்தண்டு முறிவு நேரடியான அடியாலும் வாகன விபத்தாலும் நேர்கிறது. வடநாட்டில் 'பஞ்சா' எனப்படும் கைமடக்கும் போட்டியில் வலிய இளைஞருக்கும் தண்டு முறுக்கிக்கொண்டு முறிவதுண்டு. இங்கே காவல் வேண்டுவது ஆரை நரம்புக்கு. அந்நரம்பு தண்டின் பின்புறத்தில் எலும்பை ஒட்டியே சுற்றிச் செல்கிறது. தண்டு முறிந்தவருள் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அது அடிபடுகிறது. அவர்களால் மணிக்கட்டை நிமிர்த்த இயலாது, கை தொங்கிவிடும். இதைக் காண்பவர் கை போய்விட்டதென்றே எண்ணி வருந்துவர். ஆனால் மூடிய முறிவுகளில் இந்நரம்பு பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே தேறிவிடுகிறது. ஆபத்தைச் சொல்லும் கட்டுரை இந்த ஆறுதலையும் அதே வரியில் சொல்லியாக வேண்டும்.

கீழ்முனை முறிவு பெரும்பாலும் குழந்தைகளுடையது. ஐந்து முதல் எட்டு வயது வரை உள்ள குழந்தை, நீட்டிய கையை ஊன்றி விழும்போது முழங்கை பின்புறமாக வளைந்து, அதற்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. மூன்றினுள்ளும் அவசரம் மிக்கது இதுவே. முறிந்த எலும்பின் கூரிய முனைக்கு எதிரிலேதான் கைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனியும் நடுநரம்பும் ஓடுகின்றன. குழந்தையின் நரம்புகளைச் சோதிக்க மருத்துவர்கள் கையாளும் ஓர் எளிய வழியைக் கட்டுரையில் எழுதிவைக்கலாம். கட்டை விரலை நிமிர்த்திக் காட்டச் சொல்க; கட்டை விரல் நுனியையும் ஆட்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்க; விரல்களை விசிறிபோல் விரிக்கச் சொல்க. இம்மூன்றும் மூன்று நரம்புகளின் நிலையை உணர்த்தும். எதைச் செய்ய இயலவில்லையோ அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். குழந்தை வலிக்கு அஞ்சிச் செய்யாதிருந்தால் வற்புறுத்தலாகாது.

முன்கைத் தசைகளுக்கு இரத்தம் செல்லாமல் சில மணி நேரம் கழிந்தால் அவை மடிந்து சுருங்கி, விரல்கள் வாழ்நாள் முழுவதும் மடங்கியே நின்றுவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான் 1881இல் இதை விவரித்தார். இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்படுவதே இதற்குக் காரணம் என்று அவர் காட்டினார். இன்றும் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. எலும்பு முறிவே வீக்கத்தைத் தரும்; வீக்கத்தின் மேல் இறுகிய கட்டும் சேர்ந்தால் கேடு விரைவில் வரும். இதன் முதல் அறிகுறி கை வெளுப்பதன்று. வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவதும், பிறர் விரல்களை மெல்ல நிமிர்த்தும்போது குழந்தை துடிப்பதுமே முதல் அறிகுறிகள். மாவுக்கட்டுப் போட்டு வீடு திரும்பிய இரவில் இவை தோன்றினால் விடியும் வரை காத்திருத்தல் கூடாது. கட்டிய இடத்திற்கே உடனே திரும்ப வேண்டும்.

எலும்பு கட்டும் நாட்டு வைத்தியர்களைப் பற்றியும் இங்கு ஒரு சொல் கூற வேண்டும். தமிழகத்திலும் ஆந்திரத்திலும் அம்மரபு பழமையானது. வடநாட்டு நகரங்களில் பயில்வான்கள் இத்தொழிலைச் செய்து வருகின்றனர். களஞ்சியக் கட்டுரை அவர்களை இகழ்ந்தால், அவர்களை நம்பும் வாசகர் அக்கட்டுரையையே மூடிவைத்துவிடுவார். இகழ்வதால் ஒரு குழந்தையின் கையும் காக்கப்படாது. யார் கட்டினாலும் விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். அவை சூடாகவும் அசைவோடும் இருக்க வேண்டும். குழந்தையின் முழங்கை முறிவை எக்ஸ்-ரே பார்க்காமல் எவரும் உருவவோ கட்டவோ கூடாது. இவ்விதிகளைச் சுசுருதர் மொழிந்த எச்சரிக்கையோடு இணைத்து எழுதினால், மரபை மதிப்போரும் மறுக்காமல் ஏற்பர்.

நான்காவது திருத்தம் உறுதியின் அளவைப் பற்றியது. 'அறுவையே சிறந்தது' என்றோ 'அறுவை வேண்டுவதில்லை' என்றோ ஒரே வரியில் எழுதிவிடுவது எளிது. வாசகருக்கோ அந்த ஒரு வரி பெருஞ்செலவையோ பெருந்துன்பத்தையோ உண்டாக்கிவிடக்கூடும். யாரிடம், எந்த ஆண்டில், எத்தனை பேரிடம் கண்டது என்பதையும் உடன் சொல்வதே நேர்மை.

நடுத்தண்டு முறிவுக்கு எடுத்துக்காட்டுக் கூறலாம். முறிந்த மேற்கையைச் சுற்றிக் கவசம் பூட்டி, தோளையும் முழங்கையையும் அசைய விடும் முறையை அகஸ்டோ சார்மியன்டோ என்னும் மருத்துவர் 1977இல் வெளியிட்டார். கவசத்தினுள் தசைகளே எலும்பைத் தாங்குகின்றன என்பது அதன் தத்துவம். தம் குழுவினர் தொடர்ந்து கவனித்த 620 பேரின் விவரத்தை அவர் 2000ஆம் ஆண்டில் தந்தார். மூடிய முறிவுகளில் சேராமல் போனவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. திறந்த முறிவுகளில் நூற்றுக்கு ஆறு. இதை மட்டும் எழுதி நிறுத்தினால் கட்டுரை ஒருபக்கமாகிவிடும். பின்லாந்தில் 82 பேரை அறுவைக்கும் கவசத்துக்கும் சீட்டுப் போட்டதுபோல் பிரித்து நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இரு சாராரின் கைப்பயனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் கவசம் அணிந்தோருள் நூற்றுக்கு முப்பது பேர் அந்த ஓராண்டிற்குள் அறுவைக்கு வரவேண்டியதாயிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் வாசகர் தம் மருத்துவரிடம் தக்க கேள்வியைக் கேட்க வல்லவராவார்.

மேல்முனை முறிவிலும் இவ்வாறே. பிரிட்டனில், துண்டுகள் விலகிய மேல்முனை முறிவுடைய 250 பேரிடம் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்டோரும் தூளியும் பயிற்சியும் மட்டுமே கொண்டோரும் இரண்டாண்டுக்குப் பின் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். எனினும் தோள்மூட்டே கழன்றவர்களும் திறந்த முறிவுடையவர்களும் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. இந்த வரம்பைக் கூறாமல் முடிவை மட்டும் எடுத்தெழுதுவது பாதி உண்மையாகும். குழந்தையின் கீழ்முனை முறிவில் துண்டுகள் விலகியிருப்பின், மயக்க மருந்து கொடுத்துப் பொருத்தி, தோல் வழியே மெல்லிய கம்பிகளைச் செலுத்தி நிறுத்துவதே வழக்கம். மூன்று நான்கு வாரங்களில் கம்பிகள் எடுக்கப்பட்டுவிடும். சரியாகப் பொருந்தாமல் கூடிவிட்டால் முழங்கை துப்பாக்கிக் கட்டைபோல் உட்புறம் வளைந்து நிற்கும்.

ஐந்தாவது திருத்தம் மருத்துவமனையோடு கட்டுரை முடிந்துவிடாமல் காப்பது. நோயாளிக்கு உண்மையான நீண்ட காலம் வீட்டிலேதான் கழிகிறது. மேல்முனை முறிவுடையவர் முதல் வாரங்களில் படுத்துறங்க இயலாது. தலையணைகளை முதுகுக்கு அணைகொடுத்துச் சாய்ந்து உறங்குவதே சுகம். அக்குளை நாள்தோறும் துடைத்து உலர வைக்க வேண்டும். முறிவு விலகாமல் நிலையாக இருப்பின், மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து, பெரும்பாலும் ஓரிரு வாரங்களுக்குள்ளேயே, முன்புறம் குனிந்து கையை ஊசல்போல் மெல்ல ஆட்டத் தொடங்க வேண்டும். விரலையும் மணிக்கட்டையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். அன்பின் மிகுதியால் வீட்டார் முதியவரை ஒரு துரும்பையும் தூக்கவிடாமல் மாதக்கணக்கில் தூளியிலேயே வைத்துவிடுவதுண்டு. எலும்பு கூடிவிடும், தோளோ இறுகிவிடும். பின்னர் தலை வாரவும் புடைவையின் முந்தானையைத் தோளில் எடுத்துப் போடவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிவரும். பெரியோர்க்கு எலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். தோள் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் பிடிக்கும். இதனை முன்னரே அறிந்தவர் மனந்தளரார்.

இன்னும் மூன்று செய்திகள் அக்கட்டுரையில் விடுபடலாகாதவை. சிறிய விழுதலால் எலும்பு முறிந்த முதியவருக்கு முறிவு ஆறியதோடு காரியம் முடியவில்லை. எலும்புப் புரைக்குச் சோதனையும் மருந்தும் தேவையா என்று கேட்டறிய வேண்டும். அடுத்து முறிவது இடுப்பாக இருத்தல் கூடும். விழாமலே, ஒரு பொருளைத் தூக்கும்போதே மேற்கை முறிந்தால், எலும்பினுள் கட்டியோ வேறு நோயோ உண்டா என்று ஆராய வேண்டும். நடக்கவே தொடங்காத கைக்குழந்தைக்கு மேற்கை முறிந்திருந்தால், அது எவ்வாறு நேர்ந்தது என்று மருத்துவர் துருவிக் கேட்பார். அக்கேள்வி குழந்தையின் பாதுகாப்பை முன்னிட்டதேயன்றிப் பெற்றோரை அவமதிப்பதற்கன்று.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு முறை புலப்படும். உடனே செய்ய வேண்டியது முதலில், வேறுபட்டவை தனித்தனியே, சொற்கள் மக்கள் வழக்கிலிருந்து, எண்கள் ஆண்டோடும் வரம்போடும், வீடு திரும்பிய பின் உள்ள நாட்களுக்கும் இடம். மேற்கை முறிவுக்கு மட்டுமன்று, காய்ச்சலுக்கும் தீக்காயத்துக்கும் பாம்புக்கடிக்கும் எழுதப்படும் எந்தக் கட்டுரையையும் இந்த ஐந்து அளவுகோல்களால் அளந்து பார்க்கலாம்.

இப்பணியில் நேயர்களுக்கும் பங்குண்டு. பல மொழிகளின் நடுவே வாழும் நீங்கள், ஒரு மருத்துவச் சொல் எங்கே தடுக்குகிறது என்பதை எவரினும் நன்கு அறிவீர்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இத்தகைய காயம் நேர்ந்து ஆறியிருந்தால், அப்போது எந்தச் செய்தி கிடைக்காமல் தவித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். களஞ்சியம் தொகுப்போருக்கு அதனை எழுதியனுப்புங்கள். நீங்கள் குறித்த செய்தி மருத்துவரின் சரிபார்ப்போடு கட்டுரையில் ஏறுமானால், இன்னோர் ஊரில், இன்னோர் இரவில், இறுகிய கட்டு ஒன்று தக்க நேரத்தில் தளர்த்தப்படும். ஒரு குழந்தையின் விரல்கள் பிழைக்கும்.